கத்திரி வெயிலில் ஒரு பனிப் பார்ட்டி

அண்ணன் மகளுக்குப் பிறந்தநாள் மே மாத நடுவில் வரும். அதாவது கத்திரியின் உச்சத்தில், சென்னையில். இந்த வருடம் அவள் கேட்டது ஸ்னோ பார்ட்டி. எந்தப் படத்தைப் பார்த்து இந்த ஆசை வந்தது என்று சொல்லத் தேவையில்லை, ஏழு வயதுப் பெண் குழந்தை இருக்கிற எந்த வீட்டிலும் அந்த நீலக் கவுன் இளவரசி படம் போட்ட பையோ பாட்டிலோ ஒன்று கட்டிலுக்கு அடியில் கிடக்கும். "ஏசியை 16ல வெச்சு ஹால்லயே கேக் வெட்டிடலாம், அதுவே ஸ்னோதான்" என்று அண்ணன் கதையை முடிக்கப் பார்த்தான். நடக்கவில்லை. பனி மேலேயிருந்து விழணும், கையால அள்ளணும், உருட்டி அடிக்கணும், ஜில்லுனு இருக்கணும் என்று அவள் விரல் விட்டுச் சொன்னாள். பொறுப்பு அத்தையான என் தலையில் வந்து விழுந்தது.

இணையத்தில் தேடினால் வீட்டிலேயே பனி செய்ய வழி சொல்லும் வீடியோக்கள் கொட்டிக் கிடக்கின்றன. எல்லாவற்றிலும் ஒருவர் ஏதோ ஒரு பொடியைக் கலக்குவார், வெள்ளையாக ஒன்று வரும், "அசல் பனி மாதிரியே இருக்கு" என்பார். எந்த விதத்தில் பனி மாதிரி என்று மட்டும் சொல்ல மாட்டார். அந்தக் குழந்தை விரல் விட்டு எண்ணியதுதான் சரியான கணக்கு. விழுவது, அள்ளுவது, உருண்டை பிடிப்பது, குளிர்வது என்று பனிக்கு வேலை நாலு, நிஜப் பனி மட்டுமே நாலையும் சேர்த்துச் செய்யும். செயற்கையாகச் செய்ய நினைத்தால் ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிப் பொருள் வேண்டும். இதை ஒத்துக்கொண்டுவிட்டால் பாதிக் குழப்பமும் பாதிச் செலவும் குறைந்துவிடும்.

நிஜப் பனியையே செய்ய முடியாதா என்று ஒரு மாமா கேட்டார். முடியும், இங்கே முடியாது. ஜப்பானில் ஹொக்கைடோவில் உகிசிரோ நகாயா என்ற இயற்பியலாளர் 1936ல் ஆய்வகத்திலேயே பனிப் படிகத்தை வளர்த்துக் காட்டினார், படிகம் பற்றி வளர்வதற்கு அவர் உபயோகித்தது முயல் முடி. அது ஒற்றைப் படிகம். மலைச்சரிவை மூடுகிற அளவுக்குச் செய்ய ஆரம்பித்தவர்கள் அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் பனிச்சறுக்குக் கட்டை தயாரித்துக்கொண்டிருந்த கம்பெனிக்காரர்கள். பனி பெய்யாத குளிர்காலம் வந்து வியாபாரம் படுத்துவிட, 1950 வாக்கில் ஒரு கம்ப்ரஸர், தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாய், பெயின்ட் அடிக்கும் ஸ்ப்ரே நாசில் இவற்றைச் சேர்த்துக் கட்டித் தண்ணீரை நுண்துளிகளாக ஊதிப் பார்த்தார்கள், தரையில் பனி நின்றது. 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸ் கிட்டத்தட்ட முழுக்க இந்த மெஷின் பனியில்தான் நடந்தது. ஆனால் ஊதிய துளி தரையைத் தொடுவதற்குள் உறைய வேண்டுமே. அதற்கு ஈரத்துணி சுற்றிய தெர்மாமீட்டர் காட்டும் வெப்பநிலை மைனஸ் 2 டிகிரிக்குக் கீழே போக வேண்டும். மே மாதச் சென்னையில் அது 27, 28ஐ ஒட்டி நிற்கும். இங்கே அந்த மெஷினைப் போட்டால் கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளித்தது போல ஒரு தூறல் கிடைக்கும், அவ்வளவுதான்.

ஆக, பொய்ப் பனிதான். இதில் நமக்கு முன்னோடிகள் ஹாலிவுட் செட் ஆட்கள், கலிஃபோர்னியா வெயிலில் டிசம்பரைக் காட்டிப் பிழைத்தவர்கள். ரொம்ப காலம் வெள்ளையடித்த கார்ன்ஃபிளேக்ஸைத்தான் பனி என்று கொட்டிக்கொண்டிருந்தார்கள். பார்க்க அழகாக இருக்கும், மிதித்தால் மொறுமொறுவென்று சத்தம் வரும், அப்புறம் வசனத்தை டப்பிங்கில் சேர்க்க வேண்டியிருக்கும். ஃபிராங்க் காப்ரா 1946 கோடையில் 'இட்ஸ் எ ஒண்டர்ஃபுல் லைஃப்' எடுத்தபோது ஆர்கேஓ ஸ்டூடியோ ஆட்கள் தீயணைக்கும் நுரையில் சோப்பும் தண்ணீரும் கலந்து காற்றோடு பீய்ச்சினார்கள். சத்தமே இல்லாமல் விழும் பனி அது, அதற்காக ஆஸ்கர் அகாடமி தொழில்நுட்ப விருதும் கொடுத்தது. இன்று ரிசப்ஷன்களில் மாப்பிள்ளையும் பெண்ணும் நடந்து வரும்போது நுரை கொட்டுகிற ஸ்னோ மெஷினும் அதே யோசனைதான். அதே காலத்து அமெரிக்கக் கடைகளில் கிறிஸ்துமஸ் மரத்தில் தூவுவதற்குக் கல்நார் இழையையே, அதாவது ஆஸ்பெஸ்டாஸையே, பனி என்று பெட்டியில் போட்டு விற்றார்கள். தீப்பிடிக்காது என்பது அதன் பெருமை. டப்பாவில் 'பாதுகாப்பானது' என்று எழுதியிருந்தால் எதிலிருந்து பாதுகாப்பு என்று கேட்கிற பழக்கம் எனக்கு இதைப் படித்த பிறகு வந்தது.

சரி, பார்ட்டி நடந்த நம் மொட்டை மாடிக்கு வருவோம்.

அள்ளுவதற்கு நான் வாங்கியது இன்ஸ்டன்ட் ஸ்னோ பொடி. சோடியம் பாலிஅக்ரிலேட், டயப்பருக்குள் இருக்கும் அதே வகைச் சமாச்சாரம். பாக்கெட்டைப் பிரித்ததும் சமையலறை மேடையில் இரண்டு எவர்சில்வர் டம்ளர் வைத்து ஆளுக்கு ஒரு ஸ்பூன் பொடி போட்டேன். ஒன்றில் கேன் தண்ணீர், இன்னொன்றில் குழாயில் வரும் போர் தண்ணீர். கேன் தண்ணீர் விட்ட டம்ளரில் ஒரு நொடி ஒன்றும் நடக்கவில்லை, அப்புறம் தரையிலிருந்து எதுவோ எழுந்து வருவது போல வெள்ளையாகப் பொங்கி, விளிம்பைத் தாண்டி, மேடையில் பொலபொலவென்று உதிர்ந்தது. போர் தண்ணீர் டம்ளரில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்து நின்றுவிட்டது, அதுவும் தொட்டால் நசநசவென்று. அண்ணி இரண்டையும் பார்த்துவிட்டு, "இந்தத் தண்ணியிலதான் நாம தலைக்குக் குளிக்கிறோம்" என்றாள்.

காரணம் எளிமையானது. இந்தப் பொடியின் ஒவ்வொரு துகளும் நீளமான சங்கிலிகள் சுருண்டு கிடக்கும் ஒரு சிக்கல். சங்கிலி நெடுக மைனஸ் மின்னேற்றம், அதற்கு ஈடாகப் பக்கத்திலேயே சோடியம். தண்ணீர் உள்ளே நுழைந்ததும் மைனஸும் மைனஸும் ஒன்றையொன்று தள்ளும், சுருள் விரியும், விரிந்த இடத்தில் இன்னும் தண்ணீர் வந்து உட்காரும். சங்கிலிகளுக்கு நடுவே ஆங்காங்கே முடிச்சு இருப்பதால் கரைந்து ஓடாமல் உப்பிக்கொண்டு நிற்கும். சுத்தமான தண்ணீர் என்றால் தன் எடையைப் போலச் சில நூறு மடங்கு பிடிக்கும். தண்ணீரில் உப்பு ஏற ஏற அந்தத் தள்ளுமுள்ளு அடங்கிவிடும். கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் இன்னும் மோசம், பக்கத்துப் பக்கத்துச் சங்கிலிகளைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு விரியவே விடாது. சென்னையில் பல வீட்டு போர் தண்ணீரில் இரண்டும் உண்டு. வீடியோவில் அப்படிப் பொங்குகிறது, நம் வீட்டில் ஏன் பொங்கவில்லை என்று விற்றவரோடு சண்டைக்குப் போவதற்கு முன்னால் தண்ணீரைப் பாருங்கள்.

தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட வேண்டும், கூடிப்போனால் கூழ். டயப்பரைக் கிழித்துப் பொடி எடுக்கலாம் என்று ஒரு யோசனை எங்கும் சுற்றுகிறது. எடுக்கலாம்தான், அந்தப் பொடி ஜெல்லி மாதிரி ஆகும், இதைப் போல உதிராது, நடுவே பஞ்சு வேறு. ராத்திரியே கலந்து ஃப்ரிட்ஜில் வைத்தால் மறுநாள் அள்ளும்போது நன்றாகவே குளிரும். வைக்காவிட்டாலும் ஈரம் ஆவியாவதால் கொஞ்சம் ஜில்லென்றுதான் இருக்கும், நம் ஊர்ப் புழுக்கத்தில் அந்தக் 'கொஞ்சம்' ரொம்பக் கொஞ்சம். இதை டைல்ஸ் தரையில் சிந்தினால் எண்ணெய் கொட்டியதைவிட வழுக்கும். அதனால் தரையில் கொட்டாமல் பெரிய பிளாஸ்டிக் டப்பில் போட்டு, டப்புக்கு அடியில் பாய் விரித்தேன். வாயில் எதையும் போட்டுப் பார்க்கிற வயதுக் குழந்தைகள் வருகிற வீட்டில் இதைத் திறக்கவே வேண்டாம். தண்ணீரில் ஊறி உருண்டையாகப் பெருக்கும் கலர் மணிகள் விற்கிறார்களே, அது இன்னும் ஆபத்து. விழுங்கினால் குடலுக்குள் போய்ப் பெருத்து அடைத்துக்கொள்ளும்.

பொடிப் பனிக்கு ஒரு குறை, உருண்டை பிடிக்க வராது. எறிந்தால் காற்றிலேயே உதிர்ந்துவிடும். உருண்டைக்கு வேறு கலவை: சமையல் சோடாவும் ஷேவிங் ஃபோமும். பாரிமுனைப் பக்கம் சோடா கிலோ கணக்கில் மலிவாகக் கிடைக்கும், ஃபோம் அண்ணனுடையது (கேட்டுத்தான் எடுத்தேன்). அகலமான தாம்பாளத்தில் சோடாவைக் கொட்டி, நுரையைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பீய்ச்சிப் பிசிற வேண்டும், பிடித்தால் பிடிபட வேண்டும், உதிர்த்தால் உதிர வேண்டும். சோடா ஈரத்தில் கரையும்போது சுற்றியிருக்கும் வெப்பத்தை இழுத்துக்கொள்ளும், அதனால் அறை வெப்பத்தில் இருந்த இரண்டு பொருளைக் கலந்தும் கை லேசாகக் குளிரும். இது பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்தது. குட்டிக் குட்டிப் பனிமனிதர்கள் செய்தார்கள், கண்ணுக்கு மிளகு, மூக்குக்குக் கேரட். எறிய மட்டும் விடவில்லை, கண்ணில் பட்டால் எரியும். எறிவதற்கு வெள்ளைக் கம்பளி நூலில் பந்து சுற்றிக் கொடுத்தேன், அந்த ஒன்றில் ரசாயனமே கிடையாது, அரை மணி நேரம் அதிலேயே ஓடியது.

விழுகிற பனிக்கு நுரை மெஷினை வாடகைக்கு எடுத்தோம். சோப்புத் தண்ணீரை ஒரு மெல்லிய வலைத்துணி வழியாக ஃபேன் காற்று தள்ளும், பொடிப் பொடி நுரையாகப் பிய்ந்து பறந்து வரும், கையில் விழுந்து சற்று நேரத்தில் காணாமல் போகும். சாயங்கால வெளிச்சத்தில் பார்க்க ரொம்ப நன்றாக இருந்தது என்பதை மறுக்க முடியாது. அதைக் காற்று வரும் பக்கம், ஆள் உயரத்துக்கு மேலே வைக்க வேண்டும். மெரினா பக்கமிருந்து சாயங்காலம் கடல் காற்று வருகிற நாளில் திசை மாற்றி வைத்தால் அடுத்த வீட்டு மாடியில்தான் பனி பெய்யும்.

மெஷினுக்குப் பதிலாகப் பலர் வாங்குவது ஸ்னோ ஸ்ப்ரே டப்பா. பிறந்தநாள் சாமான் கடைகளில் தொங்குமே, அது. இந்த ஒரு விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். அதற்குள் நுரையை வெளியே தள்ளுவது பெரும்பாலும் நம் சமையல் கேஸ் வகையைச் சேர்ந்த பியூட்டேன், புரொப்பேன். பாட்டுப் பாடி முடித்து மெழுகுவத்தி எரிந்துகொண்டிருக்கும் அந்த நொடியில்தான் எல்லாரும் குழந்தையின் தலையைச் சுற்றி அதை அடிக்கிறார்கள். நுரை ஒரே பிடியில் குப்பென்று பற்றிக்கொள்ளும், தலைமுடியோடு சேர்த்து. டப்பாவின் பின்பக்கம் நெருப்புப் படம் போட்டிருக்கும், பொடி எழுத்தில். எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் பையில் இரண்டு டப்பா இருந்தது. வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டி, போகும்போது கொடுத்தனுப்பினேன். கோபித்துக்கொண்டார், பரவாயில்லை.

கடைசியாகக் குளிர். என்னைக் கேட்டால் மற்ற மூன்றும் அலங்காரம், பார்ட்டி நின்றது இதில்தான்.

முதலில் மிக்ஸியில் ஐஸ் உடைக்கலாம் என்று நினைத்தோம், ஒரு மாடிக்கு ஆகிற காரியமா அது. சௌகார்பேட்டையில் கோலா ஐஸ், அதாவது சீவிய ஐஸில் சிரப் ஊற்றித் தருவது, சாப்பிட்டிருப்பவர்களுக்கு அதைச் சீவுகிற மெஷின் தெரியும்: ஐஸ் கட்டியை மேலே முள் பிடித்துக்கொள்ளும், கைப்பிடியைச் சுற்றினால் கீழே பிளேடு சீவித் தள்ளும். எங்கள் பக்கம் சாயங்காலம் வண்டி போடுகிற ஒருவரிடம் போய்ப் பேசினேன்.

"எத்தினி பேருக்குக்கா?"

"பேர் கணக்கு இல்லண்ணே. குவியலா வேணும். பிள்ளைங்க விளையாட."

"வெளையாடவா? அப்போ சிரப் வேணாமா?"

"சிரப் கொஞ்சம் கொண்டு வாங்க, கண்டிப்பா சாப்பிடவும் செய்வாங்க."

சாப்பிடுவார்கள் என்பதால்தான் மீன் வண்டிக்குப் போகிற ஐஸ் வேண்டாம், குடிதண்ணீரில் செய்த கட்டிதான் வேண்டும் என்று அழுத்திச் சொன்னேன். அவர் வழக்கமாக வாங்குவதும் அதுதானாம். வந்ததும் பலகையில் வைத்தார், பின்பக்கம் நிற்பவர் சட்டைக் கலர் தெரிகிற அளவுக்குக் கண்ணாடியாக இருந்தது கட்டி. சுற்ற ஆரம்பித்ததும் கீழே விழுந்தது சுத்த வெள்ளை. ஒரு குழந்தை "பெயின்ட் சேக்கறாரா?" என்று கேட்டது. சேர்க்கவில்லை. சீவும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன முகங்கள் உண்டாகி வெளிச்சத்தை எல்லாப் பக்கமும் சிதறடிக்கின்றன. நிஜப் பனி வெள்ளையாக இருப்பதும் இதே காரணத்தால்தான்.

எவ்வளவு நேரம் தாங்கும் என்பதுதான் எல்லாருக்கும் சந்தேகம். ஒரு கிலோ ஐஸ் உருகுவதற்கு எடுத்துக்கொள்ளும் வெப்பத்தில் அதே ஒரு கிலோ தண்ணீரைப் பூஜ்யத்திலிருந்து 80 டிகிரி வரைக்கும் சூடாக்கிவிடலாம், அவ்வளவு பசி அதற்கு. எனவே குவித்து வைத்தால் நாம் பயப்படுகிற வேகத்தில் உருகாது. பரப்பினால் போச்சு, கண் முன்னாலேயே தண்ணீர். பகலெல்லாம் வெயில் குடித்த மாடித் தரை வேறு கீழேயிருந்து சுடும். மூன்று மணிக்கே தரையில் தண்ணீர் அடித்து ஆற வைத்து, கோணிச் சாக்கு, அதன் மேல் மரத்தூள், அதன் மேல் தார்ப்பாய் என்று அடுக்கி, அதில் சீவலைக் குவித்தோம்.

மரத்தூள் யோசனை என்னுடையது இல்லை, பாஸ்டன் வியாபாரி ஃபிரெடெரிக் டூடருடையது. மாசாசூசெட்ஸ் ஏரிகளில் குளிர்காலத்தில் உறைந்த ஐஸை அறுத்து மரத்தூளில் பொதிந்து கப்பலில் இந்தியாவுக்கு அனுப்பினவர். 1833ல் கல்கத்தாவுக்கு முதல் கப்பலில் ஏற்றியது சுமார் 180 டன், நாலு மாசம் கடலில் வந்தும் 100 டன் வாக்கில் மிஞ்சி வந்து சேர்ந்தது. சென்னையில் அந்த ஐஸைச் சேமிக்க 1842ல் கட்டியதுதான் கடற்கரையில் இருக்கும் ஐஸ் ஹவுஸ், இன்றைய விவேகானந்தர் இல்லம். பஸ்ஸில் "ஐஸ்ஹவுஸ் எறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுக்கிற இடம். அமெரிக்க ஏரித் தண்ணீரை மெட்ராஸ் துரைமார்கள் கிளாஸில் போட்டுக் குடித்திருக்கிறார்கள் என்றால் நாம் மாடியில் ஒரு மணி நேரம் ஐஸைக் காப்பாற்ற முடியாதா.

காப்பாற்றினோம். வெயில் தாழ்ந்து ஐந்தரைக்கு மேல் குவியலைத் திறந்துவிட்டதும் டப், தாம்பாளம், மெஷின் எல்லாவற்றையும் போட்டுவிட்டு மொத்தக் கூட்டமும் இங்கே வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலை உள்ளே விட்டுக் கத்தினார்கள். பெரியவர்களும்தான், அண்ணன் உட்பட. மேலே உப்புப் போட்டால் இன்னும் நேரம் தாங்கும் என்று பழைய மாமா மறுபடி வந்தார். உப்புப் போட்டால் ஐஸ் இன்னும் வேகமாக உருகும், உருகுகிற கலவை மைனஸ் 21 வரைக்கும் இறங்கலாம், கையால் சுற்றுகிற ஐஸ்கிரீம் டப்பாவுக்கு அது நல்லது, குழந்தைகள் காலுக்குத் தோல் புண்ணாகும். டிரை ஐஸ், அதாவது உறைய வைத்த கார்பன் டை ஆக்சைடு, வேண்டாம் என்று நான் விட்டதும் அதனால்தான், மைனஸ் 78 டிகிரியில் இருக்கிற பொருளைப் பிள்ளைகள் கூட்டத்துக்கு நடுவே வைத்துக்கொண்டு யார் காவல் காப்பது.

தெர்மாகோல் உருண்டையைப் பற்றி ஒரு வரி போதும்: காற்றடித்தால் தெருவெல்லாம், மழை வந்தால் கால்வாயெல்லாம். தெர்மாகோலுக்கும் காற்றுக்கும் ஆகாது என்பதை 2017ல் வைகை அணையில் தமிழ்நாடே பார்த்தது.

சுத்தம் செய்வது ஒரு தனி வேலை. சோடாக் கலவையைத் தண்ணீரில் கரைத்துச் சாக்கடையில் விட்டுவிடலாம். பொடிப் பனியை அப்படி விடக் கூடாது, குழாய்க்குள் போய் மறுபடி ஊறி அடைத்துக்கொள்ளும். டப்பில் இரண்டு கை கல் உப்பைப் போட்டுக் கிளறினேன், ஊதிக்கொண்டு நின்றது அழுத பிள்ளை கணக்காகத் தண்ணீரை விட்டுவிட்டு அடியில் வழவழவென்று ஒடுங்கியது. வடிகட்டி, பையில் கட்டிக் குப்பைக்குப் போட்டாயிற்று. செடிக்குப் போட்டால் ஈரம் நிற்குமே என்று கேட்பார்கள், விவசாயத்துக்கு விற்பது பொட்டாசியம் வகை, இது சோடியம், உப்புச் சேர்த்த பிறகு கேட்கவே வேண்டாம். மாடியிலிருந்து மழைநீர்ச் சேகரிப்புக் குழாய் கிணற்றுக்கோ தொட்டிக்கோ இறங்குகிற வீடு என்றால், பார்ட்டிக்கு முன்பே அதன் வாயில் துணி அடைத்துவிட வேண்டும். சோப்பும் சோடாவும் நேராக அங்கே போய்ச் சேரும்.

மறுநாள் காலையில் கீழ் வீட்டு மாமி வந்து மிச்சப் பொடி இருக்கிறதா என்று கேட்டார். நவராத்திரிக் கொலுவில் கயிலாய மலைக்கு வேண்டுமாம். அதற்கு இது சரிப்படாது மாமி, ஒன்பது நாளில் காய்ந்து சுருங்கி சிவபெருமான் வெறும் அட்டைப்பெட்டி மேல் உட்கார்ந்திருப்பார் என்றேன். பஞ்சே வையுங்கள், ஆனால் விளக்கும் சீரியல் செட்டும் பக்கத்தில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மாமி யோசித்துவிட்டு, அப்படியென்றால் அந்த நுரை மெஷின்காரர் நம்பரையாவது கொடு என்று வாங்கிக்கொண்டு போயிருக்கிறார்.